கடற்கரை மணலில் பிறந்த கோல்ஃப்: செயிண்ட் ஆண்ட்ரூஸ் முதல் காலிமுகத்திடல் வரை

கோல்ஃப் என்றாலே பணக்காரர்களின் விளையாட்டு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உயர்ந்த மதில், வாசலில் காவலாளி, உள்ளே பச்சைப் புல்வெளி... ஆனால் இந்த விளையாட்டு பிறந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாத, எதற்கும் உதவாத ஒரு மணல் காடு என்றால் நம்ப முடிகிறதா?

ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலத்துக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். உப்புக்காற்றில் பயிர் விளையாது, மரமும் வளராது. முயல் வளை தோண்டும், ஆடு மேயும், அவ்வளவுதான். ஆனால் வெள்ளாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மணலில் தண்ணீர் நிற்காது என்று. எவ்வளவு மழை பெய்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆடு மேய்ந்து புல்லும் கட்டையாக இருக்கும். பந்து உருள இதைவிட நல்ல தரை வேறு எது?

ஊர் மக்கள் இந்த ஆட்டத்தில் மூழ்கி வில்வித்தைப் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள் என்று 1457ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்குத் தடையே போட்டது. தடை நிலைக்கவில்லை. 1552ல் பேராயர் ஹாமில்டன் எழுதித் தந்த சாசனம், செயிண்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸில் விளையாடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்று உறுதி செய்தது. 1764ல் அங்கே 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். இன்று உலகமெங்கும் இருக்கும் 18 குழி கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

அந்த உரிமைக்கும் ஆபத்து வந்தது. 1797ல் கடனில் சிக்கிய நகராட்சி, நிலத்தை முயல் வளர்க்கும் வியாபாரிகள் கைக்குப் போக விட்டது. முயல்கள் தரையைக் குடைந்தன. ஊராரும் வியாபாரிகளும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீதிமன்றத்திலும் வெளியிலும் மோதிக்கொண்டார்கள். 1821ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் லிங்க்ஸ் மறுபடி நகரத்தின் சொத்தானது.

இதற்கிடையே இரண்டு மாற்றங்கள். 1848 வாக்கில், இறகு அடைத்த விலை உயர்ந்த தோல் பந்துக்குப் பதிலாக, மலேயாக் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்த மலிவான பந்து வந்தது. 1852ல் ரயில் வந்தது. கோல்ஃப் ஆடுவதற்காகவே விடுமுறைக்கு வரும் பழக்கம் வேகமாக வளர்ந்தது.

அதே காலத்தில் ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நமக்குப் பக்கத்தில் கடலோரத்தில் ஆடிய இடம் கொழும்பின் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856க்கும் 1859க்கும் இடையே அங்கே நடைபாதை அமைத்து, பெண்கள், குழந்தைகள் நலனுக்காக அதைப் பேணும்படி பின்வரும் ஆளுநர்களுக்குக் கல்வெட்டிலேயே எழுதிவைத்தார். 1880ஐ ஒட்டித் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கிளப் அந்தத் திடலில்தான் ஆடியது. 1896ல் அது நகரின் உள்பக்கம் பொரளைக்கு இடம் மாறியது. 'ராயல்' பட்டம் 1928ல் கிடைத்தது. அந்த மைதானத்தின் குறுக்கே களனிவெளி ரயில் ஓடுவதும், ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் காத்திருப்பதும் சுவையான செய்தி!

காலிமுகத்திடலோ மக்களிடமே தங்கிவிட்டது. மாலையில் பட்டம் விடுகிறார்கள், இறால் வடை தின்கிறார்கள். 2022ல் நாட்டையே புரட்டிய போராட்டத்துக்கு மக்கள் கூடியதும் அங்கேதான்.

செயிண்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லில் நடக்கிறார்கள். மற்ற நாட்களில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கூட சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்தால், கட்டணம் கட்டி ஆடலாம்.

ஆக, மதில் சுவர் இந்த விளையாட்டோடு பிறந்ததல்ல. ஆட்டம் ஊர் ஊராகப் போனபோது நடுவில் சேர்ந்துகொண்டது. ஒரு புறம்போக்கு மணல்வெளியை ஊரே சேர்ந்து விட்டுக்கொடுக்காமல் காத்ததால்தான் கோல்ஃப் இன்று உயிரோடு இருக்கிறது.