புலியிலிருந்து சிலந்திக்கு: இந்தியக் காட்டுயிர் இதழ்களும் இளையோர் கேமராவும்

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் எடுத்த ஒரு படம். யானையும் கன்றும் சாலையைக் கடந்து ஓடுகின்றன. கன்றின் கால்களில் தீ பற்றியிருக்கிறது. யானைகளை விரட்டுவதற்காகத் தீப்பற்றிய தார் உருண்டைகளையும் பட்டாசுகளையும் எறிந்த கூட்டம் அருகிலேயே இருக்கிறது. பிப்லப் ஹஸ்ரா எடுத்த இந்தப் படத்துக்குத்தான் ‘சாங்சுவரி ஏசியா’ இதழ் 2017-ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படத்துக்கான பரிசை வழங்கியது. ‘நரகம் இங்கேதான் இருக்கிறது’ என்பது படத்தின் தலைப்பு.

கம்பீரமான புலிப் படங்களால் வாசகரை ஈர்த்து வளர்ந்த இதழ் அது. ஆண்டின் முதல் பரிசை, கண்கொண்டு பார்க்கவே தயங்க வைக்கும் ஒரு படத்துக்குக் கொடுக்கும் இடத்துக்கு அது வந்து சேர்ந்தது எப்படி? விடை தேட, கேமராவுக்கும் முன்பு காட்டில் துப்பாக்கி இருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-இல் தொடங்கியது. அதன் ஆய்விதழ் 1886 முதல் வெளிவருகிறது. தொடக்கக் கால இதழ்களுக்கு எழுதியவர்களில் வேட்டைக்காரர்களும் படை அதிகாரிகளும் வன அதிகாரிகளும் நிறைய. விலங்கைச் சுட்டவரே அதன் நீளத்தையும் எடையையும் குறித்து அனுப்பினார். இன்று படிக்கும்போது நெருடினாலும், அன்றைய இயற்கை அறிவில் கணிசமான பகுதி இப்படிச் சேர்ந்ததுதான். இந்தப் பழக்கத்திலிருந்து முதலில் விலகி நின்றவர்களில் ஒருவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். சிவாலிக் மலையடிவாரக் காடுகளில் வன அதிகாரியாக இருந்தவர். புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டுவார். புலியின் கால் அதில் இடறியதும் வெளிச்சம் பளிச்சிடும், கேமரா இயங்கும். தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டு புலி இருளில் போய்விடும். 1927-இல் அவருடைய புலிநாட்டுக் கேமரா நூல் வெளிவந்தது. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருப்பதில்லை என்பதையும் அவர் இந்தப் படங்களைக் கொண்டே காட்டினார். அந்தச் சிறு குறிப்பின் முழுப் பயன் தெரிய இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1930-களில் ஜிம் கார்பெட்டும் ஹசன் ஆபித் ஜாஃப்ரியும் சேர்ந்து ‘இந்தியன் வைல்ட் லைஃப்’ என்ற இதழை நடத்திப் பார்த்தார்கள். நீடிக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு ஜாஃபர் ஃபதேஹல்லி பறவை ஆர்வலர்களுக்கென்று ஒரு சிறு மடலைத் தொடங்கிப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தினார். பம்பாய்க் கழகமும் 1976-இல் பொது வாசகர்களுக்காக ‘ஹார்ன்பில்’ இதழைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் படித்தவை. ஆர்வம் எதுவும் இல்லாத ஒரு பள்ளி மாணவனைக் கடைவாசலில் நிறுத்தும் இதழ் இன்னும் வரவில்லை.

இங்கே மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் நகர முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதிவந்தார். வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிய பெருங்கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று செல்லப்பெயர். கறுப்பு வெள்ளைதான் அவர் உலகம். ஒரு விலங்கை அதன் சூழலோடும் இயல்போடும் காட்டுவதே படம் என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் அவர் தனி ஆள். அவருக்குப் பின்னால் பள்ளிகளோ மன்றங்களோ இல்லை.

1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஒன்பது காப்பகங்களோடு புலிகள் திட்டம் தொடங்கியது. வேட்டை சட்டவிரோதமாயிற்று. ஆனால் காட்டைக் காப்பது ஏன் என்பது நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்கு யாரும் விளக்காத சங்கதியாகவே இருந்தது. ரந்தம்போர் காப்பகத்தை உருவாக்கிய ஃபதே சிங் ராத்தோரின் தூண்டுதலில், மும்பையில் வாழ்ந்த பிட்டு சஹ்கல் 1981-இல் ‘சாங்சுவரி’ இதழைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். பெயருக்குப் பொருள் சரணாலயம். வழவழப்பான தாள், பக்கம் நிறைய வண்ணப் படங்கள். படத்தைப் பார்க்கத் திறந்தவர், அணைகளையும் சுரங்கங்களையும் கேள்வி கேட்கும் கட்டுரைகளில் போய் மாட்டிக்கொள்வார். 1984-இல் சிறுவர்களுக்கென்றே ‘கப்’ வந்தது. புலிக்குட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980-களில் இந்த இதழைப் பார்த்து ஆசைப்பட்ட சிறுவர்களில் மிகச் சிலர் கையில்தான் கேமரா இருந்தது. இதழில் அச்சேற நிறமுள்ள ஸ்லைடு பிலிம் வேண்டும். ஒரு சுருளில் 36 படங்கள். கழுவி வரும்வரை என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரியாது. மங்கிய காட்டு வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வீண். தொலைவு லென்ஸின் விலையோ ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்கும். ஆகவே தொடக்கத்தில் இதழ் இளையோருக்குப் படம் எடுக்கக் கற்றுத்தந்தது என்பதைவிட, படம் பார்க்கக் கற்றுத்தந்தது என்பதே பொருத்தம். எடுக்கும் கலையை நேரில் கற்பித்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் அவர்களில் ஒருவர். அவரிடம் பாடம் கேட்டு வளர்ந்த இளைஞர் பலர். தமிழில் ச. முகமது அலி ஆசிரியராக இருந்து நடத்திய ‘காட்டுயிர்’ இதழும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியது. வசதி குறைவு, பிடிவாதம் அதிகம்.

2000-இல் சாங்சுவரி குழு பக்கங்களை விட்டு வகுப்பறைக்குள் போனது. ‘கிட்ஸ் ஃபார் டைகர்ஸ்’ என்ற பள்ளித் திட்டத்துக்குத் தொடக்கத்தில் கைகொடுத்தது பிரிட்டானியா நிறுவனம். அவர்களிடம் டைகர் என்றே ஒரு பிஸ்கட் இருந்தது; புலியைக் காக்க பிஸ்கட் வந்தது நம் நாட்டு நகைச்சுவைகளில் ஒன்று. இயற்கை நடைகள், புலி விழாக்கள், பேரணிகள், கையெழுத்துச் சுருள்கள் என்று அது நகரம் நகரமாகப் பரவியது. புலி வாழும் காடே ஆறுகளுக்குத் தாய்மடி, ஆகவே புலியைக் காப்பது குடிநீரைக் காப்பது என்ற எளிய வாதம் குழந்தைகளிடம் நன்றாகவே எடுபட்டது.

அதற்குள் கேமராவும் மாறிவிட்டது. 2003-க்குப் பிறகு விலை இறங்கிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களால் பிலிம் செலவு என்ற தடை போயிற்று. கூடவே கட்டுப்பாடும் போயிற்று. கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது, ஆந்தைக்கு எலியை வீசிப் படம் பிடிப்பது, பறவையின் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு வரவழைப்பது எல்லாம் பெருகின. இந்தியப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி வகுத்தது இதனால்தான். வெளிநாட்டிலும் இதே கதை. 2009-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படம் முதல் பரிசு வென்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்து அடுத்த ஆண்டே பரிசைத் திரும்பப் பெற்றார்கள்.

அழகுக்காக எடுத்த படம் சாட்சியாகவும் பயன்படும் என்பதை அறிவியலும் காட்டியது. 1990-களின் தொடக்கத்தில் நாகரஹோளே காட்டில் உல்லாஸ் காரந்த், தானியங்கிக் கேமராவில் பதிவான வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணினார். சாம்பியனின் கம்பியும் வரிக்குறிப்பும் இப்போது கணக்கெடுப்பு முறையாயின. கால்தடத்தை வைத்துச் சொல்லிவந்த எண்ணிக்கை 3,642. கேமராவையும் நம்பிய 2006 கணக்கெடுப்பு சொன்னது 1,411. புலி திடீரெனச் செத்துவிடவில்லை. பழைய எண்ணிக்கையில் எவ்வளவு நம்பிக்கை கலந்திருந்தது என்பது தெரிந்தது, அவ்வளவே. ஹஸ்ராவின் யானைக்கன்றுக்குப் பரிசு கிடைத்ததை இந்த வழியில் பார்த்தால் வியப்பு குறையும்.

இளையோர் பக்கம் என்ன நடந்தது? 2013-இல் அதே லண்டன் போட்டியின் இளையோர் பிரிவில் முதலிடம் பெற்றவர் மத்தியப் பிரதேசத்தின் உதயன் ராவ் பவார், வயது 14. சம்பல் ஆற்றில் தாய் முதலையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கரியால் குஞ்சுகளைப் படம் பிடித்திருந்தார். 2021-இல் அதே பட்டம் பெங்களூரைச் சேர்ந்த பத்து வயது வித்யுன் ஹெப்பருக்கு. அவர் எடுத்தது சுவர் இடுக்கில் கூடாரம்போல் வலை கட்டியிருந்த ஒரு சிலந்தியை. பின்னணியில் தெரியும் நிறங்கள், அந்த நேரம் பார்த்து அவ்வழியே போன ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவுடையவை.