பெய்ரூட்டில் வெடித்தது, மணலி பதறியது: உலக விவகாரத்தை வகுப்பில் எப்படிச் சொல்லித் தரலாம்?

ஐ.நா.வில் எத்தனை நாடுகள்? 193. பள்ளியில் உலக விவகாரம் பெரும்பாலும் இந்த ஒரு மார்க் கேள்வியோடு முடிஞ்சிடுது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்துலயே இருக்கு.

2020 ஆகஸ்ட் 4. லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 'நம்ம ஏரியாவிலும் இருக்கா?' என்று மக்கள் பதறினார்கள். இருந்தது. தென் கொரியாவிலிருந்து வந்து, 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன், 37 கன்டெய்னர்களில் மணலி கிடங்கிலேயே கிடந்தது. பெய்ரூட்டுக்குப் பிறகுதான் அவசரமாக ஹைதராபாத் போனது.

இதில் எவ்வளவு கேள்வி இருக்கு பாருங்க. பெய்ரூட் சரக்கு வந்த ரோசஸ் கப்பல் கிளம்பியது ஜார்ஜியா, போக வேண்டியது மொசாம்பிக், கொடியோ மால்டோவா. கருங்கடலில் கூட கரை இல்லாத நாடு! விதியும் கட்டணமும் குறைவான நாட்டில் கப்பலைப் பதிவு செய்வது முதலாளிகளின் பழக்கம். அவர் கப்பலைக் கைவிட்டால் சரக்குக்கு யார் பொறுப்பு? மேப்பை விரிக்க வேண்டிய இடம் இதுதான்.

சின்ன வகுப்புக்கு, 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய ஜெர்மன் கப்பல் எம்டன் போதும்.

பெரிய வகுப்புக்கு 2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் கொட்டிய எண்ணெயை எண்ணூரில் வாளியால் அள்ளினார்கள். மோதிய கப்பல்களில் ஒன்றின் கொடி, ஐல் ஆஃப் மேன். அது எங்கே இருக்கு? பிள்ளைகளே தேடட்டும்.