சாதாரணமாக வசிக்கும் இடம்

தூத்துக்குடிக்கு வடக்கே, ஊரை ஒட்டினாற்போல் மாப்பிள்ளையூரணி இருக்கிறது. எந்த மாப்பிள்ளைக்காக அந்த ஊருணியை வெட்டினார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் போன மாதம் அந்த ஊரில் ஒரு முன்னாள் மாப்பிள்ளையும் ஒரு முன்னாள் மனைவியும் என்னைத் திண்டாட வைத்துவிட்டார்கள்.

கோர்ட்டு மூலம் விவாகத்தை ரத்துச் செய்துகொண்டு இரண்டு வருஷமாகிறது. ஏழு வயதுப் பையன் தாயிடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தகப்பனிடம். இந்த ஏற்பாடு யாதொரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது. இப்போது அந்தப் பெண்ணுக்கு மஸ்கட்டில் நர்ஸ் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பையனையும் அழைத்துப் போக வேண்டும் என்கிறாள்.

"நான் பெத்த பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறதுக்கு யாருகிட்ட அண்ணாச்சி உத்தரவு கேக்கணும்?" என்றாள் அவள்.

உப்பளத்தில் கணக்கு எழுதும் தகப்பன் அதிகம் பேசுகிறவர் அல்ல. "ஞாயித்துக்கிழமைக்கு மஸ்கட்டுக்கு யாரு பஸ் விடுறா, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் சட்டம் படித்தவன் அல்ல. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நூறு வருஷங்களுக்கு முன் சென்னையையே கலக்கிய வழக்கு அது.

அதில் பிரதிவாதி அன்னி பெசண்ட் அம்மையார். வாதி ஜிட்டு நாராயணய்யா என்ற ஓய்வு பெற்ற தாசில்தார். மதனப்பள்ளிப் பக்கத்துக்காரர். மனைவியைப் பறிகொடுத்தவர். 1909-இல் பிள்ளைகளோடு அடையாறுக்குக் குடிவந்து, தியாசாபிகல் சொஸைட்டியில் வேலை பார்த்தார். அந்த வருஷந்தான் அடையாற்றுக் கடற்கரையில் அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை லெட்பீட்டர் என்ற வெள்ளைக்காரர் பார்த்தார். வரப்போகும் ஜகத்குரு இந்தப் பையனுக்குள்தான் எழுந்தருளப் போகிறார் என்று சொல்லிவிட்டார். பையனுக்கு வயது பதினான்கு. தம்பி நித்தியானந்தனுக்குப் பதினொன்று.

1910 மார்ச்சில் நாராயணய்யா தம்முடைய கைப்படவே, இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மையாரைக் கார்டியனாக எழுதிக் கொடுத்தார். 1911-இல் பிள்ளைகள் சீமைக்குப் போய்த் திரும்பினார்கள். 1912-இல் மறுபடியும் போனார்கள். அதற்குள் தகப்பன் மனம் மாறிவிட்டது. லெட்பீட்டரின் நடத்தையைப் பற்றிக் கேள்விப்பட்டவை அவரை உறுத்தின. மகனைத் தெய்வமாக்குவதும் பிடிக்கவில்லை. பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்றார். அம்மையார் கொடுக்கவில்லை. செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் பிராது கொடுத்தார். அது சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பெசண்ட் அம்மையார் யார் என்று நமக்குத் தெரியும். ஹோம் ரூல் கண்டவர், காங்கிரஸ் மகாசபையில் தலைமை வகித்தவர். நமக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லாதது, அவரே கணவனைப் பிரிந்து, பெற்ற குழந்தையைக் கோர்ட்டில் பறிகொடுத்த தாய் என்பதுதான்.

கணவர் பிராங்க் பெசண்ட் ஒரு பாதிரியார். 1873-இல் இருவரும் பிரிந்தார்கள். மகன் டிக்பி தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம் என்று ஏற்பாடு. 1877-இல் அம்மையார், சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கர்ப்பத்தடை பற்றிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டார். அடுத்த வருஷமே பாதிரியார் மகளையும் கேட்டு மனுப் போட்டார். அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். நீதிபதி ஸர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் மசியவில்லை. மத நம்பிக்கை இல்லாதவள், இப்படிப்பட்ட புத்தகம் போட்டவள், அவளிடம் பெண் குழந்தை வளரலாமா என்பது தீர்ப்பின் போக்கு. எட்டு வயது நிரம்பாத குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே பெண்மணி முப்பத்தைந்து வருஷம் கழித்துச் சென்னை ஹைகோர்ட்டில் எழுந்து நிற்கிறார். இப்போதும் வக்கீல் இல்லை, தாமே வாதாடுகிறார். எதிரே சி. பி. ராமஸ்வாமி ஐயர். ஆனால் இந்தத் தடவை பிள்ளைகளைக் கடல் கடந்து கொண்டுபோய் வைத்திருப்பவர் அவர். கேட்டுக் கையேந்தி நிற்பவர் பெற்ற தகப்பன். இதை நான் கதையாக எழுதியிருந்தால், 'செயற்கையாக இருக்கிறது' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

1913 ஏப்ரலில் ஜஸ்டிஸ் பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டர் மீது சொன்ன குற்றம் ருசுவாகவில்லை. ஆனாலும் பிள்ளைகளை மே மாதக் கடைசிக்குள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வழக்குச் செலவை ஜெயித்த தகப்பன் தலையிலேயே கட்டினார். அம்மையார் அப்பீல் செய்தார். அக்டோபரில் அதுவும் தள்ளுபடியாயிற்று. விடுவாரா? லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்.

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டியது. தகப்பனுக்கு உரிமை இல்லை என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைப் பிறரிடம் வளர்க்கக் கொடுத்த தகப்பன், அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றே சொன்னது. ஆனால் அதற்குள் பிள்ளைக்குப் புதிய பழக்கங்களும் எதிர்பார்ப்புகளும் ஏற்பட்டு, அவற்றைக் கலைப்பது பிள்ளைக்கே கெடுதல் என்றிருந்தால் கோர்ட்டு குறுக்கிடலாம். பிறகு முக்கியமான கேள்விக்கு வந்தது. 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி, பிள்ளை 'சாதாரணமாக வசிக்கும்' இடத்துக் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும். இந்தப் பிள்ளைகள் வசித்தது இங்கிலாந்தில். அவர்கள் எப்படிச் செங்கற்பட்டு ஜில்லாவாசிகள் ஆவார்கள்?

இன்னொன்றும் சொன்னார்கள். இவ்வளவு நாள் இவ்வளவு பேர் வாதாடினீர்களே, அந்தப் பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா? அவர்கள் சார்பில் கோர்ட்டில் ஒரு ஆள் உண்டா? இஷ்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே கப்பலேற்றிக் கொண்டு வா என்று உத்தரவு போடுவது எப்படி?

தீர்ப்பு வந்தபோது கிருஷ்ணமூர்த்திக்குப் பத்தொன்பது வயது. எந்த ஆக்ஸ்போர்டு படிப்புக்காகச் சீமைக்கு அழைத்துப் போனார்களோ, அந்த ஆக்ஸ்போர்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1921 கடைசியில்தான் சகோதரர்கள் இந்தியா திரும்பினார்கள். 1925-இல் நித்தியானந்தன் காலிபோர்னியாவில் காலமானார். ஜகத்குரு பீடத்தை 1929-இல் கிருஷ்ணமூர்த்தி தாமாகவே உதறிவிட்டார். தகப்பன் கோர்ட்டுப் படியேறிக் கேட்டதில் ஒரு பாதியை மகன் தானே செய்து முடித்தான் என்று சொல்லலாம். மேபலும் டிக்பியும்கூட வயது வந்தபின் தாமாகவே தாயிடம் திரும்பிவிட்டார்கள்.

அந்த 1914-இல்தான் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதுவரை கொழும்பு போகிறவர்களுக்கு எங்கள் தூத்துக்குடிதான் வாசல். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரம் பாய்ச்சியிருக்கும் கப்பலுக்குப் படகில் போவார்கள். பாலம் வந்தபின் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. இந்தக் கரையில் நின்று, படகு சிறுத்துப் புள்ளியாவதைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்மார்களும் தாய்மார்களும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் வழக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அதற்குப் பின் சட்டம் எவ்வளவோ நடந்து வந்திருக்கிறது. 1956-ஆம் வருஷச் சட்டம் தகப்பனையே முதல் கார்டியனாக வைத்தது. ஆனால் ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும், பிள்ளையின் நலனே பிரதானம் என்றது. 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தகப்பன் உயிரோடிருக்கும்போதே தாயும் கார்டியனாகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு வழி திறந்தது. (எழுத்தாளர்களால் சில சமயம் உபயோகமும் உண்டு.) தேசம் விட்டுத் தேசம் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப 1980-இல் ஹேக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே பிள்ளை விமானம் ஏறிவிட்டால், இங்குள்ள தகப்பன் பாடு கஷ்டந்தான். 1890-ஆம் வருஷச் சட்டத்தின் 'சாதாரணமாக வசிக்கும் இடம்' மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. வக்கீல்கள் இன்றும் அதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

மறுநாள் இருவரையும் வரச் சொன்னேன். டிக்கட் வாங்குமுன் கோர்ட்டில் அனுமதி கேட்டு மனுப் போடு, பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் பிள்ளையைக் கொண்டுவந்து தகப்பனிடம் விடுவேன் என்று அதிலேயே எழுதிக் கொடு என்று அவளிடம் சொன்னேன். மஸ்கட் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்காதீர் என்று அவரிடம் சொன்னேன். இருவருக்குமே என் மேல் மனத்தாங்கல். சரிசமமாக ஏமாற்றியிருக்கிறேன் போலும்.

போன வாரம் பையனைத் தெருவில் பார்த்தேன். உப்பு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தவன், குதித்து இறங்கி என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, ஜட்ஜு என்கிட்டயும் கேப்பாங்களாமே, என்னைக்கு?"

வியாழக்கிழமை என்றேன்.

"ஞாயித்துக்கிழமை இல்லல்ல?" என்றான்.

இல்லை என்றேன். திரும்பவும் வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டான்.