டெக்சாஸ் மாநிலத்தின் இரு கட்டளைகள்

2007ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆளுநர் ரிக் பெரி ஒரு நிறைவேற்று ஆணையைப் பிறப்பித்தார். ஆறாம் வகுப்பிற் சேரும் மாணவிகள் யாவரும் 2008 செப்டெம்பர் முதல் மனிதப் பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசியை ஏற்றியிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமியர் பற்றிய ஆணை அது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் இந்த வைரசுக்கும் உள்ள தொடர்பை 1980களில் வெளிக்கொணர்ந்தவர் ஜேர்மன் அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன். அதற்காக 2008இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. எனவே ஆளுநரின் ஆணைக்கு விஞ்ஞான அடிப்படை இருந்தது. ஆனால் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததோ 2006 ஜூனில்தான். எட்டு மாதங்கள்கூட நிறையாத மருந்தைச் சிறுமியருக்குக் கட்டாயமாக்கியதும் மாநிலம் கொதித்தது.

எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர்களில் ஆளுநரின் சொந்தக் குடியரசுக் கட்சியினரும் இருந்தனர். உடலுறவால் பரவும் கிருமிக்கு எதிராகச் சிறுமிக்கு ஊசி போடுவது ஒழுக்கக்கேட்டுக்கு அனுமதி கொடுப்பதாகும் என்றனர் சிலர். பெற்றோரின் உரிமையில் அரசு கைவைக்கிறது என்றனர் வேறு சிலர். தடுப்பூசியைத் தயாரித்த மேர்க் நிறுவனத்துக்காக அரசியல்வாதிகளிடம் பரிந்து பேசியவர் ஆளுநரின் முன்னாள் அலுவலகத் தலைவர் என்பதும், அந்நிறுவனம் ஆளுநரின் தேர்தல் நிதிக்குப் பணம் வழங்கியிருந்தது என்பதும் வெளிவந்தன. அதன்பின் மருந்தைப் பற்றிப் பேச எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோர் எழுத்தில் அறிவித்து விலகிக்கொள்ள ஆணையிலேயே வழியிருந்ததை எத்தனை பேர் வாசித்தார்களோ! சட்டமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கும் சட்டத்தைப் பெரும்பான்மையால் நிறைவேற்றியது. ஆளுநர் கையொப்பமிடாமலே மே மாதத்தில் அது சட்டமாயிற்று. 2011இல் ஜனாதிபதி வேட்பாளர் தெரிவுக்குப் போட்டியிட்டபோது, அவ்வாறு ஆணையிட்டது தவறு என்று பெரி ஒப்புக்கொண்டார்.

இதே டெக்சாஸில், 85 ஆண்டுகளுக்கு முன்னர், இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்திருந்தது. சான் அந்தோனியோ நகரில் அம்மைப்பால் குத்திய சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்க்கக்கூடாது என்ற விதி இருந்தது. ரோசலின் சுக்ட் என்ற மாணவி அரச பாடசாலையிலிருந்தும் தனியார் பாடசாலையிலிருந்தும் விலக்கப்பட்டார். நகரில் அப்போது பெரியம்மை பரவவில்லையே, பிறகேன் கட்டாயம் என்பது அவர் தரப்பின் கேள்வி. 1922 நவம்பர் 13ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பெரியம்மை ஊசியை மறுத்து அபராதம் விதிக்கப்பட்ட மசாசுசெட்ஸ் போதகர் ஹென்னிங் ஜேக்கப்சனின் வழக்கில், 1905இலேயே இது தீர்க்கப்பட்டுவிட்டது என்பது நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு.

1922இல் செல்லுபடியானது 2007இல் ஏன் செல்லவில்லை? பெரியம்மை பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையைத் தாக்கும். என் தலைமுறையினரின் மேற்கையில் இருக்கும் அம்மைப்பால் தழும்பைப் பார்த்து எவரும் நம் பெற்றோரைக் குறை சொன்னதில்லை. பப்பிலோமா வைரசோ வகுப்பறையிற் பரவுவதன்று. அது விளைக்கும் புற்றுநோயும் பல ஆண்டுகள் கழித்தே வரும். அயலவரின் பிள்ளையைக் காக்க என் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாம் என்ற பழைய நியாயம் இங்கே முழு வலுவுடன் நிற்கவில்லை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் முடிவை இந்த அளவில் நான் ஏற்கிறேன். அதற்கு வழிவகுத்த கூச்சலை அன்று.

சட்டம் இருந்தாற்கூட என்ன நடந்திருக்கும் என்பதற்கு வேர்ஜீனியா சான்று. அங்கே அதே ஆண்டிற் சட்டமன்றமே இதனைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் விலகிக்கொள்வது மிக எளிதாக இருந்தது. சட்டத்தால் ஊசி ஏற்றிய சிறுமியரின் தொகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றே பின்னைய ஆய்வுகள் கூறின. அவுஸ்திரேலியாவிலோ 2007 ஏப்ரலிலிருந்து பாடசாலைக்கே தாதியர் வந்தனர், பெற்றோருக்கு ஒரு சம்மதப் படிவம், கட்டணம் இல்லை. கட்டாயமும் இல்லை. பத்துச் சிறுமியரில் ஏழு பேருக்கு மேல் முழுத் தவணைகளையும் பெற்றனர். 2017இல் இலங்கையும் ஆறாம் தர மாணவியருக்கு இந்த ஊசியைப் பாடசாலை வழியாகவே கொண்டுவந்தது.

ஆனால் சம்மதம் உடையக்கூடியது. யப்பானில் பக்கவிளைவு பற்றிய செய்திகள் பத்திரிகைகளை நிறைத்தபோது, 2013 ஜூனில் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. எழுபது வீதமளவில் இருந்த தடுப்பூசி ஏற்றல் ஒரு வீதத்துக்கும் கீழே சரிந்தது. ஊசியைத் தடைசெய்த சட்டம் எதுவும் இல்லை, இலவசமாகவும் கிடைத்தது. பரிந்துரை மீண்டும் தொடங்க 2022 ஏப்ரல் ஆயிற்று. இடையில் கடந்துபோன ஒன்பதாண்டுச் சிறுமியருக்கு யார் பொறுப்பு? என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் அதிற் பங்குண்டு.

ஸ்கொட்லாந்து 2008இல், கட்டாயமின்றி, பாடசாலைகளில் இந்த ஊசியை ஏற்றத் தொடங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுத் தவணைகளும் பெற்றவர்களில் ஒருவருக்கேனும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024 ஜனவரியில் அங்குள்ள ஆய்வாளர்கள் அறிவித்தனர். டெக்சாஸில் ஆணை நீக்கப்பட்ட ஆண்டிற் பதினொரு வயதினராக இருந்த சிறுமியருக்கும் ஏறக்குறைய அவர்களின் வயதுதான்.