தலைநகர் இடமாற்றத்தின் நன்மை தீமைகள்: செஞ்சியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஓர் அரசு தன் இருக்கையை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றும்போது பாதுகாப்பு, வருவாய், உணவு, உடல்நலம், உறவினர் துணை ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக்கு 1689இல் மராத்திய அரசவை வந்ததையும், ஒரு தலைமுறைக்குள் ஆட்சித் தலைமை ஆற்காட்டிற்குப் பெயர்ந்ததையும் ஒப்பிட்டு, ஓர் ஊரின் நன்மைகளே காலம் மாறும்போது குறைகளாவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, இராஜாராம், ஆற்காடு, திண்டிவனம், விழுப்புரம், தலைநகர் இடமாற்றம்.

முன்னுரை

திண்டிவனத்திற்கு மேற்கே திருவண்ணாமலை செல்லும் சாலையிலும், விழுப்புரத்திற்கு வடக்கேயும் அமைந்தது செஞ்சி. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து எழுப்பப்பட்டது இதன் கோட்டை. நாயக்கர்களின் இருக்கையாக விளங்கிய இவ்வூர், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர் சுல்தான்களின் கைக்குச் சென்றது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு (1943) இவ்வாட்சி மாற்றங்களை விரிவாகத் தொகுத்துரைக்கிறது.

புலம்பெயர்வின் கட்டாயம்

1689 மார்ச்சு மாதம் சம்பாஜி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். தலைநகராகிய இராய்கட் முகலாயப் படையால் முற்றுகையிடப்பட்டது. பத்தொன்பது வயதினரான இராஜாராம் ஏப்பிரலில் அங்கிருந்து தப்பிப் பன்ஹாலா கோட்டையை அடைந்தார். அதுவும் நெருக்கப்படவே, மராத்தியத் தலைவர்கள் முன் இரு வழிகளே எஞ்சின. ஒன்று, சொந்த மண்ணில் கோட்டைக்குக் கோட்டை மாறிக்கொண்டே போரிடுவது. மற்றொன்று, நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 900 கி.மீ. தொலைவிலுள்ள செஞ்சிக்கு அரசவையை மாற்றுவது. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். இராஜாராம் மாறுவேடத்தில் கெளதி நாட்டு வழியாகப் பயணம் செய்து அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார்.

செஞ்சியின் நன்மைகள்

இத்தேர்வுக்குச் சாதகமாக நான்கு காரணங்களைக் கூறலாம். முதலாவது, கோட்டையின் வலிமை. இராஜகிரியின் உச்சியை அடைய ஒரே குறுகிய வழியே இருந்தது. களஞ்சியங்களும் குளங்களும் நீண்ட முற்றுகையைத் தாங்க உதவின. இரண்டாவது, அண்மையிலிருந்த உறவு. தஞ்சையை ஆண்ட போன்சலே மரபினர் தவசமும் படையும் தந்து துணைநின்றனர். மூன்றாவது, கடற்கரை அருகிலிருந்தமை. ஐரோப்பிய வணிகக் குழுமங்களிடமிருந்து பணம் பெற இது வழிவகுத்தது; 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது இச்சூழலிலேயாகும். நான்காவது, போரை இரு முனைகளாகப் பிரிக்கும் வாய்ப்பு. அரசர் தெற்கே இருக்கும்வரை ஔரங்கசீப் தம் படையின் ஒரு பகுதியை அங்கு நிறுத்தியே ஆகவேண்டும்.

செஞ்சியின் தீமைகள்

குறைகளும் சிறியன அல்ல. தாய்நாட்டிற்கும் அரசருக்கும் இடைப்பட்ட பெருவழிகள் பகைவர் நடமாட்டத்திற்கு உட்பட்டவை. செய்தியும் படையும் வந்துசேர நெடுநாள் ஆயின. செஞ்சியை நிருவகித்துவந்த ஹர்ஜி மகாதிக் இராஜாராம் வருமுன்பே இறந்துவிட்டார். அவர்தம் குடும்பத்தார் கோட்டையை எளிதில் ஒப்படைக்க விரும்பவில்லை. புதிய ஊரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தோரின் நலன்களும் வந்தேறிய அவையின் நலன்களும் மோதிக்கொண்டமையை இது காட்டுகிறது. மேலும், குன்றுகள் பகைவரைத் தடுத்ததுபோலவே உள்ளிருந்தோரையும் அடைத்துவைத்தன.

முற்றுகையும் அதன் விளைவும்

1690இல் சுல்பிகர் கான் தொடங்கிய முற்றுகை, இடையிடையே தளர்ந்தும் இறுகியும் 1698 வரை நீண்டது. 1692ஆம் ஆண்டின் இறுதியில் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து வந்து தாக்கியபோது முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. முகலாயப் பாசறையிலேயே இளவரசர் காம்பக்ஷ் ஐயத்தின் பேரில் காவலில் வைக்கப்பட்டார். இப்போர்க்காலத்தின் முற்பகுதியைப் புதுச்சேரியிலிருந்து கண்ட பிரான்சுவா மார்த்தேனின் நினைவுக்குறிப்புகள் முதன்மைச் சான்றாகும்.

கோட்டை விழுவதற்கு முன்னரே இராஜாராம் வேலூர் வழியாக மராத்திய நாட்டிற்குத் திரும்பிவிட்டார். எனவே செஞ்சி வீழ்ந்தும் மராத்திய அரசு வீழவில்லை. இதற்கு அடிப்படைக் காரணம், புறப்படும்போதே இராமச்சந்திர பந்த் அமாத்தியரிடம் தாய்நாட்டு நிருவாகத்தை ஒப்படைத்துச் சென்றமை ஆகும். அரசர் இடம்பெயர்ந்தார், அரசு முழுவதும் இடம்பெயரவில்லை. அனைத்தையும் ஒரே ஊரில் குவித்திருந்தால் கோட்டையோடு அரசும் முடிந்திருக்கும் எனக் கருதலாம்.

இவ்வெற்றியின் விலையைச் செலுத்தியோர் யார் என்பதும் எண்ணத்தக்கது. ஏறத்தாழ எட்டாண்டுகள் இரு படைகளும் தங்கிய சீமையில் தவசத்தையும் கால்நடைத் தீவனத்தையும் சுற்றுவட்டாரக் குடிகளே தர வேண்டியிருந்தது. தலைநகராகும் பெருமை ஊருக்கு வந்தது. அதன் சுமை உழவர்மேல் விழுந்தது.

ஆற்காட்டிற்குப் பெயர்தல்

வென்ற முகலாயர் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் எனப் பெயரிட்டுத் தம் தென்பகுதி ஆட்சியை அங்கிருந்து நடத்தினர். எனினும் ஆட்சித் தலைமை விரைவில் பாலாற்றங்கரையிலுள்ள ஆற்காட்டிற்கு மாறி, சாதத்துல்லா கான் காலத்தில் அங்கே நிலைபெற்றது. செஞ்சியின் நீரும் காலநிலையும் உடலுக்கு ஒவ்வாதவை என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். 1750இல் செஞ்சியைப் பிடித்த பிரெஞ்சுக்காரரும் நோயால் வீரர் பலரை இழந்தனர் என்பது இக்கூற்றை வலுப்படுத்துகிறது.

ஆயினும் நோய் மட்டுமே காரணமன்று எனலாம். புகலிடம் தேடிய அரசுக்கு ஒதுங்கிய குன்று தேவைப்பட்டது. வரி தண்ட முனைந்த அரசுக்குப் படையும் வணிகமும் தடையின்றிச் செல்லும் சமவெளி தேவைப்பட்டது. 1714இல் தேசிங்கு என வழங்கும் தேஜ்சிங் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்டபோது, செஞ்சி ஆற்காட்டிற்கு அடங்கிய கோட்டையாகிவிட்டிருந்தது. அவ்வீரனின் கதைப்பாடலில் செஞ்சியின் புகழ் நிலைத்தது, அதிகாரம் திரும்பவில்லை.

பிற்காலப் போக்கு

1870களில் சென்னையிலிருந்து தெற்கே அமைந்த இருப்புப்பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் சென்றது. செஞ்சி அதன் புறத்தே நின்றது. சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி ஆகிய திசைகளின் பாதைகள் கூடும் சந்திப்பாக விழுப்புரம் வளர்ந்தது. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய மாவட்டத்தின் தலைமையிடம் ஆனதும் விழுப்புரமே. மதிலுக்கு இருந்த மதிப்பைச் சாலையும் தண்டவாளமும் பெற்றுவிட்டமையை இது உணர்த்துகிறது. 2025இல் மராத்தியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. பட்டியலிடப்பட்ட ஏனைய பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளன.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஓர் ஊரின் நன்மை தீமைகள் அவ்வூரின் நிலையான இயல்புகள் அல்ல. பெயர்ந்து செல்வோரின் நோக்கத்தைப் பொறுத்தே அவை அமைகின்றன. விட்டுச்செல்லும் இடத்தில் எதை யாரிடம் ஒப்படைப்பது என்பது, செல்லும் இடத்தின் வளத்தைப் போன்றே முதன்மையானது. வருவோரின் கணக்கில் இடம்பெறாத உள்ளூர்க் குடிகளின் இழப்பையும் சேர்த்தே இடமாற்றத்தின் பயனை மதிப்பிட வேண்டும்.