அறிக்கை மறந்த வரலாறு

வறிய நாடொன்றுக்கு அபிவிருத்தி ஆலோசனை கூறவரும் நிபுணர்களின் அறிக்கைகளில் நாம் ஊன்றிப் படிக்கவேண்டியது முடிவுரையையன்று. நாட்டை அறிமுகஞ் செய்யும் முன்னுரையையே. எவற்றை வினாவின்றி ஏற்றுக்கொண்டு அவர்கள் தொடங்குகின்றனர் என்பது அங்கேதான் புலனாகும். நாற்புறமும் தென்னாபிரிக்காவினாற் சூழப்பட்ட மலைநாடாகிய லெசோத்தோவின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1966இற் சுதந்திரமடைந்த அந்நாட்டைப் பற்றி 1975இல் உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. நவீன பொருளாதாரத்தின் சுவடே ஏறத்தாழப் படாத, தன் வயிற்றுக்கு மட்டும் பயிரிடும் பழைய குடியானவர் சமுதாயமாகவே சுதந்திரகால லெசோத்தோ அதிற் சித்திரிக்கப்பட்டது.

வரலாறு கூறுவதோ வேறு. 19ஆம் நூற்றாண்டிலே பஸோத்தோ மக்கள் அயற்பிரதேசங்களுக்குத் தானியம் விற்றவர்கள். கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்கும் அவர்களது தானியம் சென்றது. ஆனால் கலிடன் ஆற்றுக்கு மேற்கேயிருந்த வளமான நிலங்களைப் போயர்கள் போரிற் கைப்பற்றினர். 1868இல் அந்நாட்டைத் தன் ஆட்சிக்குட் கொண்ட பிரித்தானியா, மறுவருடமே அலிவால் நோர்த் உடன்படிக்கையால் அவ்விழப்பின் பெரும்பகுதியை நிலைப்படுத்திற்று. நிலமிழந்தோரின் மக்கள் சுரங்கக் கூலிகளாயினர். 1970களின் பிற்பகுதியில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட பஸோத்தோ ஆண்கள் தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் உழைத்துக்கொண்டிருந்தனர். இதுவோ நவீன பொருளாதாரம் தீண்டாத நாடு?

உலக வங்கியும் கனடாவும் உதவ, 1975இல் தாபா-ட்செக்கா மலைப்பகுதியிலே தொடங்கிய திட்டமும் அதே நோக்கின் வழியே சென்றது. மக்கள் மாடுகளை விற்காது பெருக்குவது பழமைப் பற்றினால் என அங்குக் கருதப்பட்டது. உண்மையிலோ, மாடு சுரங்கத் தொழிலாளியின் சேமிப்பு. சுரங்கம் அவனைக் கைவிடும் முதுமைக் காலத்துக்கான வைப்பு. தெரிந்தெடுத்த சிலரின் உயர்சாதி மாடுகளுக்கென மேய்ச்சல் நிலம் வேலியிட்டு அடைக்கப்பட்டது. வேலிகள் அறுக்கப்பட்டன, படலைகள் களவு போயின, பொறுப்பாளரின் அலுவலகம் தீக்கிரையாயிற்று. 1984இல் திட்டம் முடிவுற்றது. எதிர்பார்த்த விவசாய மறுமலர்ச்சி வரவில்லை. வீதியும் அரசாங்க அலுவலகங்களுமே எஞ்சின. இவ்வனுபவத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜேம்ஸ் பெர்குசன் 1990இல் அதனை நூலாக வெளியிட்டார்.

நிபுணர்கள் வரலாறு அறியாதவர்கள் என நாம் கருதவேண்டியதில்லை. பறிபோன நிலமும், நிறவெறி அரசின் சட்டங்களும், சுரங்க முதலாளிகள் கொடுத்த குறைந்த கூலியுமே வறுமைக்குக் காரணம் என்று எழுதினால், அவர்கள் சிபார்சு செய்வதற்கு என்ன மிஞ்சும்? விதையும் வீதியும் வேலியும் இழந்த நிலத்தை மீட்டுத் தரமாட்டா. அறியாமையே காரணம் என்று எழுதினாலோ, போதிக்க ஒரு நிபுணர் தேவைப்படுவார். கையிலுள்ள மருந்துக்கேற்ப நோயைப் பெயரிடும் வைத்தியம் இது.

ஆகவே, ஒரு மக்கட்கூட்டத்தைப் 'பின்தங்கியது' என்று எந்த அறிக்கையேனும் கூறுமாயின், நாம் கேட்கவேண்டிய முதல் வினா ஒன்றுண்டு: அவர்கள் தாமாகப் பின்தங்கினரா, பின்னே தள்ளப்பட்டனரா? அதற்கு விடை கூறாத திட்டம் எத்தனை கோடி செலவிடினும் வறுமையின் வேரைத் தொடமாட்டாது.