தோட்டப் பாடசாலையும் பாதிச் சம்பள ஆசிரியரும்

இலங்கைப் பத்திரிகைகளில் "ஆசிரியர் பற்றாக்குறை" என்ற தலைப்பு இடம்பெறாத வருடம் ஒன்று எனக்கு நினைவில் இல்லை. மாகாணம் மாறும், பாடம் மாறும், அமைச்சரின் பெயர் மாறும், தலைப்பு மாறுவதில்லை. ஆனால், மலையகத்தைப் பொறுத்தவரை பற்றாக்குறை என்ற சொல் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது. அங்கே ஆசிரியர்கள் குறைவாக இருந்தார்கள் என்பது மாத்திரமல்ல, இருந்தவர்களையும் முழுமையான ஆசிரியர்களாகக் கணிக்க எந்த ஆட்சியும் விரும்பவில்லை என்பதே நூறு வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறாகும்.

வேஸ் ஆணைக்குழு 1905ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. அதையடுத்து வந்த 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதும் அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத்துரையின் கடமை என்று கூறியது. அறையைப் பற்றிக் கூறிய சட்டம், அதற்குள் நின்று கற்பிக்கப் போகிறவர் யார், அவருடைய தகைமை என்ன, சம்பளம் என்ன என்பவற்றைத் துரைமாரின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. விளைவு எதிர்பார்த்ததுதான். பல தோட்டங்களில் கணக்கப்பிள்ளையோ, கங்காணியின் உறவினரோ, எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ வாத்தியாரானார். காலையில் செக்ரோல் எழுதியவர் பின்னர் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். ஒரே அறை, ஐந்து வகுப்புகள், ஒரே ஆசிரியர். அவருடைய எசமான் கல்வித் திணைக்களம் அல்ல, தோட்ட நிர்வாகமே.

1920ஆம் ஆண்டில் புதிய கல்விக் கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து தோட்டங்களைக் கண்காணிக்கத் தொடங்கினார். அவரது வருடாந்த அறிக்கைகளில் தோட்டப் பாடசாலைகளும் இடம்பிடித்தன. பாடசாலைகளின் எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆசிரியரின் நிலையோ உயரவில்லை.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையையும், 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியையும் நாம் அனைவரும் போற்றுகிறோம். போற்றத்தக்கவையும்தான். ஆயினும் அந்த வெளிச்சம் லயன்களை எட்டவில்லை. பாடசாலைக் கட்டடத்தையும் ஆசிரியர் விடுதியையும் நிலத்தையும் தோட்டங்கள் வழங்க வேண்டும் என்று 1947இல் செய்யப்பட்ட திருத்தம் மிகச் சில இடங்களிலேயே நடைமுறையானது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்ற வழி திறந்தது. வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்காக நாடாளுமன்றத்தில் உரத்துப் பேச எத்தனை பேர் இருந்திருப்பர்? 1960, 1961 ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு சுவீகரித்தது. கிறிஸ்தவ மிஷன்கள் எழுப்பிய எதிர்ப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. தோட்டப் பாடசாலைகள் அந்தச் சுவீகரிப்பில் சேர்க்கப்படவில்லை என்பதையோ பலர் ஒரு வரியில் கடந்து செல்கின்றனர்.

தோட்டக் கம்பனிகளின் நிலங்கள் 1975இல் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில், அப்பாடசாலைகள் கட்டம் கட்டமாக அரசின் கைக்கு வந்தன. ஏனைய பிள்ளைகளுக்கு 1945இல் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்க ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் பிடித்தது. 1978இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானமையும், மலையக இளைஞர் யுவதிகளுக்கு எண்பதுகளில் ஆசிரியர் நியமனங்கள் கிடைத்தமையும், சுவீடனின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தமையும், ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தமையும் மறுக்க முடியாத முன்னேற்றங்கள். மலையகத்தில் இன்று ஒரு படித்த நடுத்தர வர்க்கம் இருக்கிறதென்றால் அதன் முதுகெலும்பு ஆசிரியர்களே. லயன் காம்பராவில் பிறந்த ஒருவர் மாதச் சம்பளம், ஓய்வூதியம், மரியாதை ஆகிய மூன்றையும் பெறுவதற்கு இருந்த ஒரே அகலமான பாதை அது.

அந்தப் பாதையில்தான் பழைய வழக்கம் புதிய பெயருடன் மீண்டும் வந்து நின்றது. பெருந்தோட்டப் பாடசாலைகளில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிடங்களுக்கு 2014இல் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. கோரப்பட்டவர்கள் ஆசிரியர்கள் அல்லர், "ஆசிரிய உதவியாளர்கள்". உயர்தரம் சித்தியடைந்த இவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அன்று நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 450 ரூபாவாகும். மாதத்தில் 25 நாள் பேர் பதிந்த தாய் 11,250 ரூபா அடிப்படைச் சம்பளம் பெற்றபோது, அவள் கொழுந்து பறித்துப் படிக்கவைத்து ஆசிரியராக்கிய மகளுக்கு அதில் பாதியளவே கிடைத்தது. இதைவிடக் கூர்மையான ஒரு கேலிச்சித்திரத்தை எந்த ஓவியரும் வரைந்திருக்க முடியாது. கொடுப்பனவு பின்னர் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பயிற்சிக் கலாசாலைக்குச் சென்று திரும்பிய பின்னரே ஆசிரியர் சேவையில் இடம் என்பது நிபந்தனை. வகுப்பறையில் அவர்கள் செய்தது முழு ஆசிரியரின் வேலை.

இலங்கை ஆசிரியர் சேவை 1994 ஒக்டோபர் 6ஆம் திகதி உருவாக்கப்பட்டது. அந்தத் தினத்தையே நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அச்சேவைக்கு உள்ளே இருப்பவர்களும் நிம்மதியாக இல்லை. 1997ஆம் ஆண்டு முதல் தொடரும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி 2021 ஜூலையில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிய ஆசிரியர்கள், ஒக்டோபர் பிற்பகுதியில்தான் கடமைக்குத் திரும்பினர். தீர்வின் ஒரு பகுதியே அவர்களுக்கு 2022இல் கிடைத்தது. சேவைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் போராட்டத்தில் கேட்பதற்குக்கூட ஒரு சம்பளத் திட்டம் இருக்கவில்லை.

மலையகத்தில் மலிவாக ஆசிரியரைப் பெறும் இந்த முறை இப்போது அங்கு மாத்திரம் இல்லை. வடக்கில் யுத்த காலத்தில் பாடசாலைகளைத் தாங்கிப்பிடித்த தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் வீதியில் நின்றனர். தென்னிலங்கை உட்பட நாடெங்கும் பட்டதாரிகள் பல்லாயிரம் பேர் "அபிவிருத்தி உத்தியோகத்தர்" என்ற பெயரில் பாடசாலைகளில் இணைக்கப்பட்டனர். ஆசிரியர் சேவைக்குள் தங்களை உள்ளீர்க்குமாறு கோரிக் கொழும்பில் இவர்களும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இவர்களுடைய நியமனக் கடிதத்தில் ஆசிரியர் என்ற சொல் இல்லை. பாடசாலையின் நேரசூசியில் மாத்திரம், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எதிரே, இவர்களின் பெயர்கள் இருந்தன.